தூய்மை, விசுவாசம், பி.எஸ்ஸி. நர்சிங்

பி.எஸ்ஸி. நர்சிங் முதலாமாண்டில் விளக்கேற்றும் விழா நடத்தாத கல்லூரி தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை. புதுச் சீருடை, கையில் விளக்கோ மெழுகுவத்தியோ, மேடையில் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் படம். மூத்த ஆசிரியை ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மாணவிகள் வலக்கையை உயர்த்தித் திருப்பிச் சொல்கிறார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்கள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். நர்சிங் கல்லூரி ஒன்றில் சில ஆண்டுகள் சமூகவியல் பாடம் எடுத்தவள் என்ற முறையில் இந்த உறுதிமொழியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அழகான விழாதான். ஆனால் சொல்லப்படும் வாசகத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்த்தால், நான்காண்டுப் பட்டப்படிப்பின் வாசலில் அது ஏன் நிற்கிறது என்று கேட்கத் தோன்றும்.

‘நைட்டிங்கேல் உறுதிமொழி’ என்று பெயரே தவிர, அதை எழுதியவர் நைட்டிங்கேல் அல்லர். 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஃபாரண்ட் செவிலியர் பயிற்சிப் பள்ளியின் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையில் அமைந்த குழு, ஹிப்போக்ரடீஸ் உறுதிமொழியைத் தழுவி எழுதியது. அதில் செவிலி மூன்று முக்கியமான வாக்குகளைத் தருகிறாள். வாழ்க்கையைத் தூய்மையாகக் கழிப்பேன். நோயாளியின் குடும்ப ரகசியங்களைக் காப்பேன். மருத்துவரின் பணியில் அவருக்கு விசுவாசமாகத் துணைநிற்பேன். இரண்டாவதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. முதலாவதும் மூன்றாவதும்தான் உறுத்துகின்றன.

தூய்மை என்பது ஹிப்போக்ரடீஸிடமே உண்டு, அதைச் செவிலியருக்கென்று யாரும் தனியாகச் சேர்க்கவில்லை என்று சொல்லலாம். சரிதான். ஆனால் 1948இல் உலக மருத்துவச் சங்கம் ஜெனீவாவில் மருத்துவர்களுக்குப் புதிய உறுதிமொழி எழுதியபோது வாழ்க்கைத் தூய்மை பற்றிய பேச்சு அதில் இல்லை. மனச்சாட்சி, கண்ணியம் போன்ற சொற்கள் வந்து உட்கார்ந்தன. மருத்துவர் கழற்றிப் போட்ட தூய்மையைச் செவிலி இன்னும் அணிந்துகொண்டிருக்கிறாள். விசுவாசத்தின் கதையும் இப்படித்தான். பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953இல் வெளியிட்ட அறநெறிக் கோவையில் மருத்துவரின் ஆணைகளை விசுவாசத்தோடு நிறைவேற்றும் கடமை இருந்தது. 1973இல் திருத்தியபோது அது நீக்கப்பட்டு, செவிலியின் முதற்பொறுப்பு தன் பராமரிப்பு தேவைப்படும் மனிதர்களிடமே என்று ஆயிற்று. அதாவது உலகச் செவிலியர் அமைப்பே அரை நூற்றாண்டுக்கு முன் கைவிட்ட ஒன்றை, பதினேழு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு முதல் பாடமாக நாம் சொல்லித் தந்துகொண்டிருக்கிறோம்.

படத்தில் இருப்பவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் நிதியில் தொடங்கிய பள்ளியில், பயிற்சி பெறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மாதந்தோறும் ஒரு படிவம் நிரப்பப்பட்டது. அதில் ஒழுக்கப் பதிவுக்கென்று ஒரு பகுதி. நேரம் தவறாமை, சத்தமில்லாத நடத்தை, நம்பகம், உடைச் சுத்தம் என்றெல்லாம் தலைப்புகள். இங்கிலாந்தில் எதல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்ற செவிலி, தேர்வெழுதித் தேறியவர்களைச் சட்டப்படி பதிவுசெய்ய வேண்டும் என்று 1880களின் இறுதியில் இயக்கம் தொடங்கியபோது நைட்டிங்கேல் அதை எதிர்த்தார். செவிலியின் குணத்தைத் தேர்வால் அளக்க முடியாது என்பது அவர் கருத்து. முப்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1919இல்தான் அங்கே பதிவுச் சட்டம் வந்தது. நைட்டிங்கேலின் புள்ளிவிவரப் பணியையும் பொதுச் சுகாதாரப் பணியையும் நான் குறைத்துப் பேசவில்லை. பட்டம், தேர்வு, பதிவு எண் என்று இன்றைய மாணவி தேடி வருகிற எல்லாவற்றுக்கும் போராடியவர் ஃபென்விக். படமாக மாட்டப்பட்டிருப்பவர் அதை எதிர்த்தவர். ஃபென்விக்கின் பெயரைத் தெரிந்த மாணவி ஒருத்தியைக்கூட நான் சந்தித்ததில்லை.

நம் மொழியும் இந்த விஷயத்தில் அவ்வளவு அப்பாவி இல்லை. ‘செவிலி’ என்ற சொல்லை அகப்பாடல்களிலிருந்து எடுத்தோம். அங்கே அவள் வளர்ப்புத்தாய். தலைவி உடன்போக்கில் போய்விட்டால் பாலை வழியில் தேடி அலைபவள், எதிரே வருவோரிடம் என் மகளைக் கண்டீர்களா என்று கேட்பவள். ஈழத்துத் தமிழில் ‘தாதி’ என்கிறார்கள். அதுவும் பாலூட்டி வளர்ப்பவளைக் குறிக்கும் சொல்தான். பணிப்பெண் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கில ‘நர்ஸ்’ மட்டும் என்ன, அதன் வேரிலும் பால்தான். நோயாளிகள் கூப்பிடும் ‘சிஸ்டர்’ கன்னிமாடத்திலிருந்து வந்தது. தாய், பணிப்பெண், கன்னியாஸ்திரீ என்ற மூன்று பெயர்களுக்குள்ளும் ‘படித்தவள்’ என்பதற்கு இடமே இல்லை. இலங்கையில் ‘தாதிய உத்தியோகத்தர்’ என்று அரசு எழுதுகிறது. இந்தியாவில் 2016இல் மத்திய அரசு ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்ற பதவிப் பெயரை ‘நர்சிங் ஆபீசர்’ என்று மாற்றியது. இவை சின்ன மாற்றங்கள் அல்ல. ஆனால் நம் நாட்டு மருத்துவச்சியின் பெயர் இந்தப் பட்டியலில் எங்குமே வராததைக் கவனியுங்கள். அவள் பெரும்பாலும் நாவிதர் சாதியைச் சேர்ந்தவள். பிள்ளைப்பேற்றின் ரத்தத்தைத் தொட்டதற்காகவே தீட்டுப்பட்டவளாக ஒதுக்கப்பட்டவள். அவளிடம் அறிவு இருந்தது, மரியாதை இல்லை. வெள்ளைச் சீருடையும் தூய்மை வாக்கும் அந்தத் தீட்டை மறைக்கும் வேலையையும் சேர்த்தே செய்திருக்கின்றன என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் சேர்த்து ஒரே கதையாகப் பார்க்க விரும்புகிறவர்கள் 1961இல் பீம்சிங் இயக்கிய ‘பாலும் பழமும்’ பார்க்கலாம். சரோஜாதேவி நர்ஸ். டாக்டரான சிவாஜியை மணக்கிறாள். காசநோய் வந்ததும் அவருடைய ஆராய்ச்சிக்கு இடையூறாகக் கூடாதென்று விலகிப் போகிறாள். அவர் வேறொருத்தியை மணந்து, பின்னர் பார்வையையும் இழந்த பிறகு, வேறு பெயரில், நர்ஸாகவே, அவரைக் கவனிக்கத் திரும்பி வருகிறாள். மனைவியின் வேலையும் நர்ஸின் வேலையும் ஒன்றுதான் என்பதை இதைவிடச் சுத்தமாகச் சொல்ல முடியாது. படம் முழுக்க ஆராய்ச்சி ஆணுக்கு உரியது. நல்ல பாட்டுகள் உள்ள படம். எத்தனை முறை பார்த்தாலும் அழுதுவிடுகிறேன். அது வேறு விஷயம்.

இந்தப் பின்னணியில்தான் 1946ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டில் வேலூரிலும் டெல்லியிலும் பி.எஸ்ஸி. நர்சிங் தொடங்கியது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இலேயே பயிற்சி தொடங்கிவிட்டது என்றாலும், அதுவரை நர்ஸ் என்பவள் மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே பழகுகிறவள். பல்கலைக்கழகப் பட்டம் வந்ததும், இது ஒரு துறை, இதற்குப் பாடமும் கோட்பாடும் தேர்வும் உண்டு என்று ஆகிறது. இன்றைய மாணவி உடற்கூறியல், மருந்தியல், நுண்ணுயிரியல், மரபியல், மனநலம், சமூகநலம், மகப்பேறு, ஆராய்ச்சி, புள்ளியியல் எல்லாம் படிக்கிறாள். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் வெளியிட்ட திருத்தப்பட்ட பாடத்திட்டம் எட்டுப் பருவங்கள் கொண்டது. கடைசிப் பருவம் முழுவதும் பணியிடைப் பயிற்சி.

ஆனால் வாசலில் என்ன கேட்கிறார்கள்? பதினேழு வயது நிரம்பியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் தேர்ச்சியோடு இயற்பியல், வேதியியல், உயிரியலில் சேர்த்து 45 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம். உடற்தகுதி வேண்டும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கிறது. பத்திரிகைகள் இதை ‘துணை மருத்துவப் படிப்பு’ என்று எழுதுகின்றன. அந்தத் ‘துணை’யும் உறுதிமொழியில் வரும் துணையும் ஒன்றுதான். எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் இறங்கி வருகிற அடுத்த படியாக இந்தப் படிப்பை அது ஆக்கிவிடுகிறது. வாசலில் அறிவுக்கு மதிப்பில்லை என்று நான் குறை சொல்வதைக் கேட்டு, அப்படியானால் நுழைவுத் தேர்வு வைக்கலாமா என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பெண்ணுக்கு இன்று திறந்திருக்கும் அறிவியல் பட்டங்களில் இது முக்கியமான ஒன்று. 1947ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் இயற்றப்பட்ட புதிய ஆணையச் சட்டம் சேர்க்கைக்கு ஒரே சீரான நடைமுறை என்று பேசுகிறது. அந்தச் சீர் யாரை வெளியே தள்ளும் என்பது தமிழ்நாட்டுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ராணுவ நர்சிங் கல்லூரிகளின் சேர்க்கை விதியைத் தனியாக வாசிக்க வேண்டும். அங்கே பி.எஸ்ஸி. நர்சிங் பெண்களுக்கு மட்டும். திருமணமாகாதவர், விவாகரத்தானவர், சட்டப்படி பிரிந்து வாழ்பவர், ‘என்கம்பரன்ஸ்’ இல்லாத விதவை ஆகியோர் விண்ணப்பிக்கலாம். என்கம்பரன்ஸ் என்ற சொல் நமக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழக்கமானதுதான். வீட்டுமனை வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் எடுப்போமே, அதே வில்லங்கம். ஒரு பெண்ணைப் பொறுத்தவரை அது அவள் பெற்ற பிள்ளையைக் குறிக்கிறது. மனையைப் போலவே அவளும் வில்லங்கமில்லாமல் இருக்க வேண்டும். செலினா ஜான் என்ற ராணுவச் செவிலியர் அதிகாரி திருமணம் செய்துகொண்டதற்காக 1988இல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதற்கு அடிப்படையான 1977ஆம் ஆண்டு விதி 1995இல் திரும்பப் பெறப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில், அந்த விதி தன்னிச்சையானது, பாலினப் பாகுபாடு என்று சொல்லி, அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. முப்பத்தாறு ஆண்டுகள். தூய்மை வாக்கு என்பது வெறும் விழா வாசகம்தானே என்பவர்களுக்கு, அது சம்பளப் பட்டியலிலிருந்து பெயரையே அடிக்கக்கூடியது என்று காட்ட இந்த ஒரு வழக்கு போதும்.

நான் எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் ஒரு பாடநூல். 2022 ஏப்ரலில், செவிலியருக்கான சமூகவியல் நூல் ஒன்றின் பக்கம் சமூக ஊடகங்களில் பரவியது. வரதட்சணையின் நன்மைகள் என்று அதில் ஒரு தலைப்பு. புதுக்குடித்தனத்துக்கு வேண்டிய சாமான்கள் கிடைக்கும். பெற்றோர் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு கிடைக்கும். அழகில்லாத பெண்களுக்கும் திருமணம் ஆகும். இவற்றோடு, வரதட்சணைச் சுமையைக் குறைப்பதற்காகவே பெற்றோர் பெண்களைப் படிக்க வைக்கத் தொடங்கியிருப்பதால் பெண்கல்வி பரவுகிறது என்றும் ஒரு நன்மை. நூலின் அட்டையில் இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டப்படி எழுதப்பட்டது என்று இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் பிரியங்கா சதுர்வேதி கல்வி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கவுன்சில் கண்டித்தது, தான் எந்த நூலையும் எந்த ஆசிரியரையும் பரிந்துரைப்பதில்லை என்றது. நூல் திரும்பப் பெறப்பட்டது. விஷயம் முடிந்தது என்று எல்லோரும் அடுத்த வேலைக்குப் போனார்கள்.

எனக்கு அது முடியவில்லை. அழகு பற்றிய வரிக்குத்தான் எல்லோரும் கொதித்தார்கள்; கொதிக்க வேண்டிய வரிதான். ஆனால் கல்வி பற்றிய வரி அதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதை நன்மை என்று எழுதியதுதான் அபத்தமே தவிர, சொல்லப்பட்ட நடப்பு பொய்யல்ல. பரவிய பக்கத்தை வகுப்பில் காட்டிக் கருத்துக் கேட்டேன். பெண்கள் சிரித்தார்கள், திட்டினார்கள். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து, “தப்பாத்தான் எழுதியிருக்காங்க மிஸ். ஆனா எங்க வீட்ல நான் நர்சிங் சேர்றப்போ இதத்தான் பேசினாங்க,” என்றாள். அவள் அப்பா டெம்போ ஓட்டுகிறவர். நகை சேர்ப்பதா ஃபீஸ் கட்டுவதா என்று கணக்குப் போட்டார்களாம். நர்சிங் முடித்தால் வெளிநாட்டு வேலைக்கு வாய்ப்புண்டு, மாப்பிள்ளை வீட்டார் பவுன் கேட்க மாட்டார்கள் என்று மாமா சொல்லியிருக்கிறார். “இருபது பவுனுக்குப் பதிலாத்தான் மிஸ் நான் இங்க உக்காந்திருக்கேன்.”

அதன் பிறகு வகுப்பில் நான்கைந்து பேர் இதே கணக்கைத் தங்கள் வீட்டுப் பாஷையில் சொன்னார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. பாடநூல் ஆசிரியர் எங்கிருந்தோ கண்டுபிடித்து எழுதவில்லை. சேர்க்கைக்கு முன் வீட்டுக்கூடத்தில் நடக்கும் பேச்சைக் கேட்டு, எந்த விமர்சனமும் இல்லாமல் அச்சில் ஏற்றியிருக்கிறார். சமூகவியல் அங்கேதான் தோற்றது. ஒரு நடப்பை விவரிப்பதற்கும் அதை நியாயப்படுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித் தர வேண்டிய பாடம் அது. கண்டித்ததோடு கவுன்சில் நிறுத்திக்கொண்டது. நானாக இருந்தால் அந்தப் பக்கத்தை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தச் சொல்வேன், கூடவே 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தையும் வைத்து. தீக்காயப் பிரிவில் பணிக்குப் போகப்போகிறவர்கள் அவர்கள். அடுப்பு வெடித்தது என்று சொல்லும் மருமகளின் படுக்கைக்கு அருகில் இரவெல்லாம் இருக்கப்போகிறவர்கள். வரதட்சணை அவர்களுக்கு மதிப்பெண்ணுக்கான கேள்வி மட்டுமல்ல.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பவுனுக்குப் பதிலாகப் பெற்ற பட்டத்துக்கு வெளியே என்ன விலை? உச்ச நீதிமன்ற உத்தரவால் 2016இல் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் செவிலிக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் அரசுச் செவிலிக்கு நிகரான சம்பளம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரையாகவே நிற்கிறது. தமிழ்நாட்டில் அரசே, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 2015இல் தேர்வு வைத்து எடுத்த ஆயிரக்கணக்கான செவிலியருக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கூடிப் போராடினார்கள். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர் 2,000 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வேலை இழந்தார்கள். பெருந்தொற்று நாள்களில் அவர்களைத் தேவதைகள் என்றோம், கைதட்டினோம். தேவதைக்குச் சம்பள உயர்வு கேட்கும் உரிமை கிடையாது போலிருக்கிறது. செவிலியர் போராடும் ஒவ்வொரு முறையும் ‘சேவை’ என்ற சொல்தான் அவர்கள் முன்னால் நீட்டப்படுகிறது. அந்தச் சொல்லை அவர்கள் வாயாலேயே முதலாண்டு மேடையில் சொல்ல வைத்தாயிற்று அல்லவா.

ஆண்களும் இப்போது இந்தப் படிப்புக்கு வருகிறார்கள், நோயாளிகள் அவர்களைப் ‘பிரதர்’ என்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகள் 2019இலிருந்து பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 என்று பணியிடங்களைப் பிரித்திருக்கின்றன. அவர்களும் அதே தூய்மை வாக்கைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் அது வெறும் சடங்காகவே ஒலிப்பதைக் கேட்டிருக்கிறேன். விடுதி வாசலைச் சாயங்காலம் ஆறு மணிக்கே பூட்டுவது அவர்களை நினைத்தல்ல.

விசுவாசத்துக்கு வருகிறேன். மருந்தியலில் மாணவிகளுக்கு டிஜாக்சின் என்ற இதய மருந்தைப் பற்றிச் சொல்லித் தருவார்கள். கொடுக்கும் முன் இதயத் துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். குறைந்திருந்தால் கொடுக்கக் கூடாது, மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தைகளுக்கு அளவு மிகமிகச் சிறியது, தசமப் புள்ளி ஓர் இடம் நகர்ந்தால் பத்து மடங்காகிவிடும். மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி குழந்தைகள் பிரிவில் பயிற்சியில் இருந்தபோது, மருந்துத் தாளில் 0.05 இருக்க வேண்டிய இடத்தில் 0.5 என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். எழுதியவர் சீனியர் டாக்டர். தாளை மூன்று முறை படித்தாள், நோட்டில் எடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள், இரண்டு முறையும் அதே விடை. வார்டு சிஸ்டரிடம் போய்ச் சொல்ல அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. சிஸ்டர் உடனே போன் செய்தார், தாள் திருத்தப்பட்டது, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அரை மணி நேரம் என்ன யோசித்தாய் என்று பிறகு அவளிடம் கேட்டேன். “கணக்கு சரின்னு தெரியும் மிஸ். டாக்டர் எழுதினத நான் தப்புன்னு சொல்லலாமான்னுதான் தெரியல,” என்றாள்.